சாம்பல் வீரனின் குரல்

திருகோணமலை பஸ் நிலையத்துக்கு முன்னால் காசிநாதர் நடத்திய தொலைபேசிக் கடையில், ஊரார் வாயில் கொமினிகேஷனில், கனகமணி ஆறு வருடம் வேலை பார்த்தாள். பலகையால் அடைத்த நாலு பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு ரெலிபோன், மூச்சு முட்டும் வெக்கை. கட்டாருக்கோ கனடாவுக்கோ கதைக்க வருகிறவர்களிடம் இலக்கத்தை வாங்கி, தானே அழுத்தி, அந்தப் பக்கம் ஆள் எடுத்ததும், "ரெண்டாம் பெட்டிக்குப் போங்கோ" என்று அனுப்பிவைப்பது அவளுடைய வேலை. நாளடைவில் அவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. தெருவில் வணக்கம் சொல்கிறவரின் முகம் நினைவுக்கு வராது. அவர் வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால், எந்த ஊரில் இருக்கும் எந்தத் தம்பிக்குக் கதைக்க வந்தவர் என்பது வரைக்கும் வந்துவிடும்.

அவள் வெருகல் பக்கத்துப் பெண். கலியாணம் முடித்து நகரத்துக்கு வந்தவள். கணவன் கதிராமன் ஓட்டோ ஓட்டினான். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மகள் இலட்சுமியைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுப் போனவன் பின்னேரம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஓட்டோவும் அகப்படவில்லை. பொலிஸில் முறைப்பாடு எழுதினார்கள். எங்கே, எத்தனை மணிக்கு, யார் கண்டது என்று கேட்ட ஒன்றுக்கும் அவளிடம் பதில் இல்லாததால், "காணவில்லை" என்ற ஒரு சொல்லோடு அந்த முறைப்பாட்டுப் பக்கம் முடிந்துபோயிற்று.

பத்து நாள் அவள் அலையாத இடமில்லை. பத்தாம் நாள் சந்தையில் மீன் விற்கும் ஒருத்தி, நகரத்துக்கு வெளியே உள்ள ஒரு முகாமின் பெயரைக் காதோடு சொன்னாள். "அங்க ஆக்களை வைச்சிருக்கிறாங்களாம். போய்க் கேட்டுப் பாரன்." மறுநாள் விடியப் போய்க் கேட்பது என்று கனகமணி முடிவெடுத்தாள். ஆனால் காய்ச்சலில் கிடந்த இலட்சுமியை விட்டுப் போக முடியாமல் அதை ஒரு நாள் தள்ளிப்போட்டு, காய்ச்சல் தணிந்ததும் மத்தியானத்துக்குப் பிறகு கடைக்கு வந்து உட்கார்ந்தாள். மூன்று மணியளவில் கடை ரெலிபோன் அடித்தது.

"கனகமணியா?" ஆண்குரல். வாய்க்கு மேல் துணி போட்டுக் கதைத்தது போல அமுங்கிய குரல். பின்னால் அரிசி ஆலை ஓடுவது போல ஒரு இரைச்சல்.

"ஓம், ஆர்?"

"அவரைத் தேடிப் போகாதீங்க தங்கச்சி. போனா நீங்களும் திரும்பி வரமாட்டீங்க."

அவ்வளவுதான். வைத்துவிட்டான்.

அவள் போகவில்லை. இலட்சுமிக்குத் தகப்பன் இல்லை, இனித் தாயும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று நினைத்தாள். போகாமல் இருந்தாள், அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து அந்தக் குரலை அவள் ஒரு நாளும் மறக்கவில்லை. சோறு வடிக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது அது வரும். "திரும்பி" என்ற சொல்லுக்கு முன்னால் மூச்சை ஒருக்கால் உள்ளே இழுத்து, நடு எழுத்தைச் சற்றே நீட்டி, "திரூம்பி" என்று சொன்ன விதம் அவளுக்குள் அப்படியே கிடந்தது. பிடித்துக்கொண்டு போனவர்களில் ஒருவன் அவன் என்று அவள் நம்பினாள். அன்றைக்குப் போயிருந்தால் கதிராமனை உயிரோடு கண்டிருக்கலாம், இவன் ஒருவன்தான் அதைத் தடுத்தவன் என்று நம்பினாள்.

இரண்டு வருடம் கழித்து, கிண்ணியாவைச் சேர்ந்த ஸல்ஹா என்ற பெண் கடைக்கு வந்தாள். கொழும்புக்குக் கதைத்து முடித்த பிறகும் போகாமல் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"அக்கா, உங்கட குரல ஒருக்கா பதிஞ்சு பாக்கலாமா?"

கனகமணியின் கை மேசையில் நின்றுவிட்டது. "என்னத்துக்கு?"

"கார்ட்டூன் படமொண்டுக்கு."

"ஆர் உங்களை அனுப்பினது?"

ஸல்ஹா சிரித்தாள். கனகமணி சிரிக்கவில்லை. அந்த நாட்களில் ஒருவர் நம் படத்தை எடுக்க வந்தாலோ குரலைப் பதிய வந்தாலோ, அது எந்த அலுமாரிக்குள் போய், எந்த நாளில் வெளியே வரும் என்று யாருக்கும் தெரியாது. "எனக்கு ஏலாது தங்கச்சி" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஸல்ஹா விடவில்லை. மறுநாளும் வந்தாள், ஒரு கடதாசியோடு. சிறுவர்களுக்கு உதவும் நிறுவனம் ஒன்று ஓர்ஸ் ஹில்லில் வீடெடுத்து, வெளிநாட்டுப் படம் ஒன்றைத் தமிழாக்குகிறதாம். அகதி முகாம்களில் இருக்கும் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காம். கனகமணி அந்த அனுமதிக் கடிதத்தை இரண்டு முறை வாசித்து, முத்திரை அச்சா கையால் வரைந்ததா என்று வெளிச்சத்துக்குப் பிடித்தும் பார்த்தாள். பிறகு காசிநாதர் மூலம் விசாரித்தாள். ஓர்ஸ் ஹில்லில் அப்படியொரு வீடு இருப்பது உண்மை. ஆனாலும் அவளைச் சம்மதிக்க வைத்தது கடிதமல்ல, இலட்சுமி. தகப்பன் போன பிறகு வாய் திறந்து ஒன்றும் கேட்காத பிள்ளை, "அம்மா, கார்ட்டூன் செய்யிற இடத்தை நான் பாக்கலாமா?" என்று கேட்டது.

படம் விசித்திரமானது. ஒரே படத்துக்குள் ஆறு சிறு கதைகள். ஆறிலும் நாயகன் ஒருவனே. சாம்பல் நிற அங்கியும் முகமூடியும் போட்டுக்கொண்டு ஒரு துறைமுகப் பட்டணத்தைக் கள்வர்களிடமிருந்து காப்பாற்றுகிறவன். ஆனால் ஒவ்வொரு கதையையும் வேறு வேறு ஓவியர்கள் கீறியிருந்தார்கள். ஒன்றில் அவன் பனைமரம் போல நெடுத்தவன். இன்னொன்றில் மாட்டுக் கழுத்துக்காரன். மூன்றாவதில் இரண்டு கண்களும் ஒரு நிழலும் மட்டும்.

"புள்ளைகளுக்கு ஆள் விளங்கோணும் எண்டா குரல் ஒண்டா இருக்கோணும் அக்கா" என்றாள் ஸல்ஹா. "அதால சாம்பல் வீரனுக்கு ஆறு கதையிலும் ஒரே ஆள்தான். மத்த ஆம்புளைக் குரல்களுக்கு ஸெய்னுதீன் இருக்காரு. பொம்புளைக் குரல் எல்லாம் உங்களுக்கு."

ஓர்ஸ் ஹில் வீட்டின் பின்னறைதான் பதிவறை. சுவர்களில் பழைய மெத்தைகளைச் சாத்தி, இடைவெளிகளில் முட்டை மட்டைகளை ஒட்டியிருந்தார்கள். விசிறி போட்டால் சத்தம் விழும் என்று விசிறி இல்லை. துறைமுகத்துக்கு மேலால் ஹெலிகொப்டர் போகும்போதெல்லாம் நிறுத்திவிட்டு, அது அடங்கும் வரை வியர்வை துடைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். வசனங்களை வாயசைவுக்கு ஏற்றபடி வெட்டி ஒட்டும் வேலையையும் கனகமணியே எடுத்துக்கொண்டாள், அவளுக்கு அது கைவந்தது. அனுமதி கொடுத்த அலுவலகம் சில சொற்களைப் பாவிக்கக் கூடாது என்று எழுதி அனுப்பியிருந்தது. குண்டு கூடாது, துப்பாக்கி, துவக்கு கூடாது, இயக்கம் கூடாது. பட்டணத்தைத் தகர்க்கக் கள்வர்கள் குண்டு வைக்கும் கதையில் என்ன செய்வது? "பாலத்துக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கிறது!" என்று சாம்பல் வீரன் கத்தும்படி எழுதினாள். இலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம் என்று கனகமணி நினைத்துக்கொண்டாள்.

நாயகனுக்குக் குரல் கொடுக்கிறவர் மூன்றாம் நாள்தான் வந்தார். தோப்பூரில் பள்ளிக்கூட வாத்தியார், கலீலுர் றஹ்மான் என்று பெயர். மெலிந்த மனிதர், வெள்ளைச் சேர்ட், கையில் தயிர்ச்சட்டி ஒன்று. மூதூரிலிருந்து முதல் லோஞ்ச் படகில் வந்தாராம். ஸல்ஹா கனகமணியை அறிமுகப்படுத்தினாள். "இவ கனகமணி அக்கா. பஸ் ஸ்ராண்டுக்கு முன்னால கொமினிகேஷன்ல இருக்காங்க."

அவர் தலையை ஆட்டினார். பார்வையைத் தயிர்ச்சட்டிக்குத் திருப்பினார்.

ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்று அவர் முதல் வசனத்தைச் சொன்னார்: "பயப்படாதீர்கள். நான் திரும்பி வருவேன்."

மூச்சு உள்ளே போயிற்று. திரூம்பி.

கனகமணியின் கையிலிருந்த பென்சில் நிலத்தில் விழுந்தது. ஸல்ஹா பதிவை நிறுத்திவிட்டு, "பரவாயில்ல, இன்னொருக்கா" என்றாள். அவர் இன்னொரு முறை சொன்னார். கனகமணி மெத்தைச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். ரெலிபோனில் கேட்டது அமுங்கிய குரல், இது நடிப்புக்காக உயர்த்திய குரல். உலகத்தில் ஒரு மாதிரி மூச்சு விடுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். அப்படித்தான் தனக்குத் தானே சொன்னாள். அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டில் அவர் கொண்டுவந்த தயிரை மட்டும் தொடவில்லை.

அதிலிருந்து அவள் அவரைக் கவனிக்கத் தொடங்கினாள். அவருடைய ஊர்ப் பக்கம் அரிசி ஆலைகள் உள்ள பக்கம். இறங்குதுறைச் சோதனையில் மற்றவர்கள் அரை மணித்தியாலம் நிற்க, இவர் சிங்களத்தில் இரண்டு வார்த்தை கதைத்துவிட்டு வந்துவிடுகிறார் என்று ஸெய்னுதீன் சொன்னார். எங்கே படித்த சிங்களம்? யார் பழக்கம்? ஸல்ஹாவையும் தேநீர் கொண்டுவரும் பெண்ணையும் "தங்கச்சி" என்று வாய்நிறையக் கூப்பிடுகிறவர், கனகமணியை மட்டும் "நீங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார். எல்லாவற்றிலும் பெரிய சங்கதி ஒன்று இருந்தது. அவளோடு ஒரு நாள் பழகிய எவரும் "உங்கட அவர் எங்க?" என்று கேட்டுவிடுவார்கள். ஸெய்னுதீன் கேட்டார், தேநீர்ப் பெண் கேட்டாள். இந்த மனிதர் இரண்டு கிழமையாகியும் கேட்கவில்லை. தெரிந்தவன்தானே கேட்கமாட்டான்?

ஸல்ஹா மேலும் சந்தேகம் வந்தது. ஏன் தன்னைத் தேடி வந்தாள்? இருவரையும் ஒரே அறையில் வைப்பது யாருடைய ஏற்பாடு? மகளை அங்கே கூட்டிப்போவதை நிறுத்தினாள். இலட்சுமி ஏன் என்று கேட்டாள். "இடம் காணாதாம்" என்று பொய் சொன்னாள்.

நாலாவது கதையில் ஒரு காட்சி வந்தது. தமையனைக் கள்வர்கள் கடத்திப்போக, தங்கை ஒருத்தி அவனைத் தேடிப் புறப்படுகிறாள். சாம்பல் வீரன் அவளை வீதியில் மறித்து, வீட்டுக்குப் போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். அந்தத் தங்கையின் குரல் கனகமணியுடையது. வசனத்தை எழுத உட்கார்ந்தவள் வெகுநேரம் கடதாசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாம்பல் வீரனுக்கு மூலத்தில் இருந்ததை விட்டுவிட்டு, வாயசைவுக்குப் பொருந்தும்படி இரண்டு வரியை எழுதினாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பதிவு. ஒலிவாங்கியின் இரு பக்கமும் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். ஸல்ஹா அடுத்த அறை யன்னலுக்கு அப்பால் கணினிக்கு முன்னால். திரையில் படம் ஓடிற்று.

"விடு என்னை! என் அண்ணனைத் தேடிப் போகிறேன்!" என்றாள் கனகமணி, தங்கையின் குரலில்.

றஹ்மான் கடதாசியைப் பார்த்து வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. திரையில் சாம்பல் வீரன் ஊமையாக வாயசைத்துவிட்டுப் போனான்.

"சேர், தவறிட்டு. இன்னொருக்கா போடுறன்" என்றாள் ஸல்ஹா.

அவர் தண்ணீர் கேட்டார். குடித்தார். கடதாசியைக் கீழே வைத்துவிட்டு, அதைப் பார்க்காமலே, கனகமணியையும் பார்க்காமலே சொன்னார்: "அவரைத் தேடிப் போகாதீங்க. போனா நீங்களும் திரும்பி வரமாட்டீங்க."

உயர்த்திய குரல் இல்லை. அமுங்கிய, அவசரமான, பயந்த குரல். அந்தக் குரலேதான்.

"இதுதான் சேர் வேணும்! இதுதான்!" யன்னலுக்கு அப்பால் ஸல்ஹா கைதட்டினாள். "இவ்வளவு நாளும் எங்க ஒளிச்சு வைச்சிருந்தீங்க?"

அவர் சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. பத்தரை மணிக்குப் போனவர், அடுத்த நாளும் வரவில்லை, அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

கனகமணி இதை ஒருவரிடம்தான் சொன்னாள், காசிநாதரிடம். அவர் முதலில் கடைக் கதவைச் சாத்தினார். "இதைப் பொலிஸுக்குச் சொல்லப்போறீரோ?"

"என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல ஐயா."

"சொன்னீரெண்டா ஒண்டில் அவனைத் தூக்குவாங்கள், இல்லாட்டி உம்மைத் தூக்குவாங்கள். நான் ஒண்டும் கேக்கேல்ல, நீர் ஒண்டும் சொல்லேல்ல." அவர் கை கூப்பாத குறைதான்.

சனிக்கிழமை காலை அவள் இலட்சுமியை அயல்வீட்டில் விட்டுவிட்டு இறங்குதுறைக்குப் போனாள். இரண்டு வருடத்துக்கு முன் போகாமல் விட்ட பயணம் நெஞ்சில் கிடந்தது. இந்தப் பயணத்தையும் விட்டால் பிறகு தனக்கு மன்னிப்பே இல்லை என்று நினைத்தாள். சோதனையில் எங்கே, எதற்கு என்று கேட்டார்கள். "தோப்பூர். வாத்தியார் ஒருத்தரைச் சந்திக்க" என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்கள். எழுதியது ஒரு வகையில் நல்லது என்று பட்டது. தான் திரும்பாவிட்டால் கடைசியாக எங்கே போனாள் என்பதற்கு ஒரு வரியாவது இருக்குமே.

மூதூரில் இறங்கி பஸ் எடுத்தாள். தோப்பூர்ச் சந்தையில் விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். கேற்றடிக்கு வந்த பெண் அவரின் மனைவி, பெயர் சித்தி பரீதா. கனகமணியை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆர் நீங்க? சீஐடியா?"

"இல்லை. சேரோட படத்துக்குக் குரல் குடுக்கிற ஆள்."

"அவருக்குச் சுகமில்ல. படமும் வேணாம், ஒண்டும் வேணாம்."

"விடு பரீதா. அவ வருவா எண்டு எனக்குத் தெரியும்." உள்ளேயிருந்து அவர் சொன்னார்.

விறாந்தையில் ஒரு கதிரையைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"சேர், ரெண்டு வருசத்துக்கு முன்னம் எனக்குக் கோல் எடுத்தது நீங்கதானே?"

"ஓம்."

அவர் மறுப்பார், தான் மடக்கலாம் என்று லோஞ்சில் வரும்போதெல்லாம் கேள்விகளை அடுக்கி வைத்திருந்தாள். இந்த ஒரு சொல்லோடு எல்லாம் போயிற்று. அவள் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் சொன்னார். அந்தச் செவ்வாய்க்கிழமை மகளுக்கு மருந்து வாங்க நகரத்துக்கு வந்தவர், ஆஸ்பத்திரி வாசலில் கதிராமனின் ஓட்டோவில் ஏறியிருக்கிறார், இறங்குதுறைக்கு. உள்துறைமுக வீதியில் ஒரு வான் வண்டி குறுக்கே நின்றது. நாலு பேர். சீருடை இல்லை. இரண்டு பேர் கதிராமனை இழுத்து வானுக்குள் போட்டார்கள், ஒருவன் ஓட்டோவில் ஏறினான். நாலாமவன் இவரைப் பார்த்து, "இறங்கி நட. திரும்பிப் பாக்காத" என்றான்.

"நடந்தன். திரும்பிப் பாக்கல்ல. அவர் கத்தினது மட்டும் கேட்டிச்சு. பஸ் ஸ்ராண்ட், கொமினிகேஷன், கனகமணி, சொல்லுங்கோ எண்டு ரெண்டு தரம் கத்தினார். மறுகா கதவு சாத்தின சத்தம்."

சித்தி பரீதா வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இது புதிய கதை என்பது கனகமணிக்கு விளங்கியது.

"அண்டைக்கே ஏன் வந்து சொல்லேல்ல?"

"பயம்." அவர் நிலத்தைப் பார்த்தார். "பத்து நாள் யோசிச்சன். அப்ப இந்தப் பக்கம் ஒரு கதை வந்திச்சு, முகாமுக்குத் தேடிப்போன ரெண்டு பொம்புளைகள் திரும்பி வரல்ல எண்டு. நீங்களும் போவீங்க எண்டு நினைச்சன். உங்கட கடை நம்பரை விசாரிச்சு, ஆலைக்குப் பக்கத்துக் கடையிலருந்து எடுத்தன். எல்லாத்தையும் சொல்லத்தான் எடுத்தன். பக்கத்தில ஒரு தெரியாத ஆள் வந்து நிண்டான். அதான் அவ்வளவோட வைச்சிட்டன்."

"உங்களை ஏன் விட்டவங்கள்?"

"அத நானும் ரெண்டு வருசமா என்னட்டயே கேக்கன்."

கனகமணிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. முன்னமே எழுதி வைத்துச் சொன்னது போல மிகச் சரியாக இருந்தது. "ஓட்டோக்குள்ள என்ன இருந்தது?" என்று கேட்டாள்.

அவர் கண்ணை மூடி யோசித்தார். "கண்ணாடில மஞ்சள் ரிபன் ஒண்டு கட்டியிருந்திச்சு. சின்னப் புள்ளைட ரிபன்."

அது உண்மை. இலட்சுமி கட்டியது. ஆனாலும் கனகமணி சொன்னாள்: "பிடிச்சவங்களும் அந்த ரிபனைப் பாத்திருப்பாங்கள், சேர்."

"என்ன கதை இது!" சித்தி பரீதாவின் குரல் உயர்ந்தது. "சொல்லாமயே இருந்திருக்கலாம். சொன்ன மனிசனை இப்பிடியா கேப்பீங்க?"

"எனக்கு வேற வழியில்லை அக்கா. ஆரை நம்புறதெண்டு எனக்கு இப்ப தெரியாது." கனகமணி எழுந்தாள். "நீங்க சொல்றது உண்மையெண்டா, மனித உரிமைக் கந்தோருக்கு வந்து உங்கட பேரோட சொல்லுங்கோ. நாள், இடம், வான், எல்லாத்தையும். என்ர முறைப்பாட்டில ஒண்டுமே இல்லை சேர். காணவில்லை எண்ட ஒரு சொல்லுத்தான் கிடக்கு."

"எங்களுக்கு மூணு புள்ளைகள்" என்றாள் சித்தி பரீதா. அதற்குக் கனகமணியிடம் பதில் இல்லை. அவள் வந்த வழியே திரும்பினாள்.

லோஞ்சில் வரும்போது இன்னொரு பயம் பிடித்தது. அவர் அந்த ஆட்களில் ஒருவராகவே இருந்தால், இப்போது தான் எல்லாவற்றையும் அறிந்துகொண்டவள் என்று தானே போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். திங்களும் செவ்வாயும் இலட்சுமியைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. கடைக்கு வெளியே மோட்டார்சைக்கிள் நின்றால் இலக்கத்தகட்டை எழுதி வைத்தாள். ஓர்ஸ் ஹில்லில் ஸல்ஹா அழாத குறையாக நின்றாள். இன்னும் இரண்டு கதை மிச்சம், நாயகனைக் காணோம். "ஸெய்னுதீனைப் போட்டு முதல்ல இருந்து செய்யட்டா அக்கா?"

"இன்னும் கொஞ்ச நாள் பாருங்கோ" என்றாள் கனகமணி. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒரு கிழமை கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, கடை வாசலில் வெள்ளைச் சேர்ட்டோடு அவர் நின்றார். பின்னால் சித்தி பரீதா, கறுப்பு அபாயா, முகத்தில் கோபம் குறையவில்லை.

"தனியப் போக விடமாட்டாவாம்" என்றார். "வாங்க தங்கச்சி, போவம்."

முதல் முறையாக அவர் அவளைத் தங்கச்சி என்றார், நேரில்.

மனித உரிமை அலுவலகத்தில் அவர் வாக்குமூலத்தைத் தன் கையாலேயே எழுதினார், வாத்தியார் எழுத்து, ஒரு அடித்தல் இல்லை. பொறுப்பாக இருந்த அலுவலர் வாசித்துவிட்டு, "இரண்டு வருடம் ஏன் தாமதித்தீர்கள்?" என்று கேட்டார். "பயம்" என்றார் அவர். "அதையும் எழுதுங்கள்" என்றார் அலுவலர். அவர் எழுதினார். கீழே பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், ஒப்பம். சித்தி பரீதா சுவரைப் பார்த்துக்கொண்டு விரல் கணுக்களில் திக்ரு ஓதி எண்ணிக்கொண்டிருந்தாள். கனகமணி பிரதியை வாங்கி, மடிக்காமல், நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மிச்சக் கதைகள் இரண்டையும் நாலே நாளில் முடித்தார்கள். அந்த நாலு நாளும் இருவரும் படத்தைப் பற்றி மட்டுமே கதைத்தார்கள். கடைசி நாள் கனகமணி ஸல்ஹாவிடம், நாலாவது கதையில் அந்த இரண்டு வரியை மாற்றிவிடலாமா என்று கேட்டாள். "அது கொழும்புக்குப் போய்ட்டு அக்கா. எல்லாரும் அந்த இடம்தான் நல்லா வந்திருக்கு எண்டாங்க." அவளிடம் நடந்ததை யாரும் சொல்லவில்லை. கனகமணிக்கு அவள் மேல் இருந்த சந்தேகம், எப்போது போனது என்று தெரியாமலே போயிருந்தது.

அந்த மார்கழியில் இரண்டு பேர் றஹ்மானின் பள்ளிக்கூடத்துக்கு வந்து அதிபரிடம் அவரைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார்கள். யார் என்று சொல்லவில்லை. தை பிறப்பதற்குள் அவர் மனைவி பிள்ளைகளோடு புத்தளத்தில் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார். இதை ஸெய்னுதீன் சொல்லித்தான் கனகமணிக்குத் தெரியும். கேட்டதும் அவள் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மூன்று பிள்ளைகள் என்று சித்தி பரீதா சொன்னபோது தன்னிடம் பதில் இல்லாமல் போனது நினைவுக்கு வந்தது. இப்போதும் இல்லை.

இரண்டாயிரத்து ஒன்பது மாசியில் படத்தைக் கிளிவெட்டி அகதி முகாமில் காட்டினார்கள். தறப்பாளுக்குக் கீழே முந்நூறு பிள்ளைகளாவது இருக்கும். நெடுத்தவனும் மாட்டுக் கழுத்துக்காரனும் நிழலும் ஒரே ஆள் என்பதில் ஒரு பிள்ளைக்கும் குழப்பம் வரவில்லை. அவன் வாயைத் திறந்ததும் "சாம்பல் வீரன்!" என்று கத்தினார்கள். பெட்டி என்று வந்த இடங்களில் பெரிய பொடியன்கள், "அது குண்டடா" என்று சின்னவர்களுக்கு விளங்கப்படுத்தினார்கள். நாலாவது கதையில் அந்த இடம் வந்தபோது கனகமணி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய குரல் தேடிப் போகிறேன் என்றது. அவருடைய குரல் போகாதீங்க என்றது. இலட்சுமி அவள் கையைப் பிடித்து, "அம்மா, நீங்க உண்மையா அழுற மாதிரியே இருக்கு" என்றாள்.

அடுத்த கிழமை கந்தோர் அலுவலர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு, வாக்குமூலத்தின் பிரதியோடு, மீன்காரி அன்று பெயர் சொன்ன முகாமின் வாசலுக்குக் கனகமணி போனாள். ஒரு மணித்தியாலம் நிறுத்தி வைத்தார்கள். பிறகு ஒருவர் வந்து, அப்படி ஒருவர் இங்கே எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்றார். அந்தப் பதிலை எழுத்தில் தரும்படி அவள் கேட்டாள். தரமாட்டோம் என்றார்கள். தரமாட்டோம் என்று சொன்னதையும், சொன்ன நேரத்தையும் அலுவலர் தன் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

அன்று பின்னேரம் அவள் இலட்சுமியை உட்காரவைத்து, அப்பாவுக்கு நடந்தது இன்ன நாள், இன்ன வீதி, இன்ன நேரம் என்று முதல் முறையாக ஒழுங்காகச் சொன்னாள். பிள்ளை கடைசி வரை கேட்டுவிட்டு, "அதைச் சொன்னது ஆர்?" என்றாள்.

"சாம்பல் வீரனுக்குக் குரல் குடுத்த சேர்."

"அவரை நம்பலாமா?"

வானில் வந்தவர்கள் ஒரு சாட்சியை ஏன் நடந்துபோக விட்டார்கள் என்ற கேள்வி கனகமணிக்குள் அப்படியே இருந்தது. அது தீராது என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அவர் பேரெழுதிக் கையெழுத்துப் போட்டவர்" என்றாள். "வேற ஒருத்தரும் போடேல்ல."